லட்சத்தில் ஒன்று என்ற சாக்கு

சின்னக் குழந்தைக்கு ஈரலில் புற்றுக்கட்டி வருமா என்று தருமபுரியில் யாரைக் கேட்டாலும், படித்தவர்களைக் கேட்டாலும்கூட, பதில் ஏறக்குறைய ஒன்றுதான். வரும், ஆனால் லட்சத்தில் ஒன்று. வந்தால் பிழைக்காது. கண்டுபிடிக்க வேலூருக்கோ பெங்களூருக்கோ போயாக வேண்டும். நம் ஜனங்கள் முற்றவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். நான்கும் சேர்ந்து ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லாமல் சொல்கின்றன: இதற்காக இந்த மாவட்டம் மெனக்கெட வேண்டியதில்லை. அந்த ஐந்தாவதைத்தான் நான் மறுக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலர் காலை முதல் மாலை வரை குழந்தைகளைப் பார்த்துக் களைத்துப்போகிற மருத்துவர்கள், செவிலியர்கள். இருந்தும் அவர்கள் சொல்வதில் உண்மை கால்வாசிதான். அந்தக் கால்வாசியை வைத்து அவர்கள் வந்துசேரும் முடிவு குழந்தையின் உயிரைக் குடிக்கக்கூடியது.

'பிழைக்காது' என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றும் அதன் மேல்தான் நிற்கின்றன.

இந்த அவநம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. நம் பாட்டிமார் காலத்தில் குழந்தைகளைக் கொண்டுபோன ஓர் ஈரல் நோய் இருந்தது. ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் வயிறு உப்பும், ஈரல் கல்லாக இறுகும், கண் மஞ்சளாகும், சில மாதங்களில் குழந்தை போய்விடும். ஈரல் குலைக்கட்டி என்றார்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு மூன்று குழந்தைகள் அதில் போனதுண்டு. பழைய தமிழ் வார இதழ்களைப் புரட்டினால் சென்னை ஜம்மி வெங்கடரமணய்யாவின் லிவர்க்யூர் விளம்பரம் கண்ணில் படும். ஒரு மருந்துக் கம்பெனி குழந்தைகளின் ஈரலை நம்பியே பெயர் வாங்க முடிந்தது என்றால் அந்தப் பயம் எத்தனை வீடுகளில் இருந்திருக்க வேண்டும்!

அந்த நோய் இன்று ஏறக்குறைய இல்லை. 1980களில் புணேப் பகுதியில் இந்திய மருத்துவர்களும் பிரிட்டிஷ் மருத்துவர்களும் சேர்ந்து அதன் பின்னால் போனார்கள். மாட்டுப்பாலைப் பித்தளையிலும் செம்பிலும் காய்ச்சி வைத்துக் கைக்குழந்தைக்குப் புகட்டும் வீடுகளில் நோய் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். பாலோடு போன செம்பு பிஞ்சு ஈரலில் தேங்கியிருந்தது. பாத்திரம் எவர்சில்வராக மாறிய வீடுகளில் நோய் நின்றது. விதி என்று ஊரே நம்பிய ஒன்றுக்குக் காரணம் அடுப்படியில் இருந்தது. ஆனால் நோய் போன பின்னும் அதன் நினைவு போகவில்லை. குழந்தைக்கு ஈரல் வீங்கியிருக்கிறது என்றவுடன் இன்றும் மூத்தவர்கள் முகம் செத்துப்போவது அந்த நினைவினால்தான். அவர்கள் பார்த்தது வேறு நோய். இப்போது நாம் பேசுவது வேறு நோய்.

குழந்தைகளின் ஈரலில் வரும் புற்றில் முதன்மையானது ஹெப்பட்டோபிளாஸ்டோமா. பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வருவது, ஐந்து வயதைத் தாண்டினால் அபூர்வம். 1970களில் இது வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் பிழைத்தது. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து வந்தபின் நிலை தலைகீழானது. நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று ஐந்தில் நான்கு குழந்தைகள் பிழைக்கின்றன. கட்டி ஈரலுக்குள் அடங்கியிருக்கிறது, நுரையீரலுக்குப் பரவவில்லை என்ற நிலையில் பிடித்துவிட்டால் இன்னும் மேல். 2009இல் வெளியான ஐரோப்பியக் கூட்டாய்வில், அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சிஸ்பிளாட்டின் ஒன்றை மட்டும் கொடுத்து அறுவை செய்தபோது, மூன்றாண்டு கழித்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் உயிரோடு இருந்தார்கள். சிஸ்பிளாட்டின் புதிய மருந்தன்று, விலை ஏறிய மருந்தும் அன்று. அரசு மருத்துவமனை மருந்தகங்களில் பல்லாண்டுகளாக இருப்பது. அது காதின் கேட்கும் திறனைக் கெடுக்கும் என்பது உண்மைதான். அதைக் குறைக்கச் சோடியம் தயோசல்ஃபேட் உதவுகிறது என்று 2018இல் இன்னோர் ஆய்வு காட்டியது. உயிர் தப்பிய பின் காதையும் காப்பாற்றலாமா என்று மருத்துவம் யோசிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. நாம் இன்னும் உயிரே மிஞ்சாது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஈரல் ஒரு விசித்திரமான உறுப்பு. முக்கால் பங்கு வரை வெட்டி எடுத்தாலும், மிச்சம் நல்ல ஈரலாக இருந்தால் வளர்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும். வெட்டி எடுக்கவே முடியாதபடி கட்டி ஈரல் முழுக்கப் பரந்திருந்தாலும் மாற்று ஈரல் பொருத்தும் வழி இருக்கிறது. இந்தியாவில் குழந்தைக்கு முதன்முதலில் வெற்றிகரமாக மாற்று ஈரல் வைத்தது 1998இல். அது காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இருபது மாதக் குழந்தை, ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அதன் தந்தை. அறுவை நடந்தது டெல்லியில். அந்தக் குழந்தைக்கு இருந்தது கட்டியன்று, பித்தநாளக் கோளாறு. ஆனாலும் அது வளர்ந்து படித்து மருத்துவரே ஆகிவிட்ட செய்தியைப் 'பிழைக்காது' என்பவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும். இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. புற்றுநோய் மருந்தும் அறுவையும் அதில் அடங்கும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி, எல்லையைத் தாண்டினால் பெங்களூரின் கித்வாய் என்று கதவுகள் இருக்கின்றன. வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வழியில் குழந்தையை எப்போது ஏற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

அடுத்தது 'லட்சத்தில் ஒன்று'. எண்ணிக்கையாக இது பெரிய பொய்யன்று. உலகக் கணக்கில் பதினைந்து வயதுக்குட்பட்ட பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்கு ஹெப்பட்டோபிளாஸ்டோமா வருகிறது. தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம். அந்த வயதுக் குழந்தைகள் மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டுக்கு ஒரு குழந்தை, மூன்று ஆண்டுக்கு ஒரு குழந்தை என்ற கணக்கு வரும். இவ்வளவுதானே என்பார்கள். ஆனால் எந்த மருத்துவரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமாவைத் தேடிக் குழந்தையின் வயிற்றில் கை வைப்பதில்லை. அதே இடத்தில் கை வைத்தால் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டி தட்டுப்படும், நியூரோபிளாஸ்டோமா தட்டுப்படும். இரண்டும் ஈரல் கட்டியைவிடப் பல மடங்கு அதிகமாக வருபவை. வீங்கிய மண்ணீரல் தட்டுப்படும். அது ரத்தப்புற்றாக இருக்கலாம், தலசீமியாவாக இருக்கலாம். குழந்தைப் புற்றுநோய்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு நூறுக்கும் மேல். நம் மாவட்ட அளவில் ஆண்டுதோறும் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். இவர்களில் கணிசமானவர்களின் நோய் வயிற்றில்தான் முதலில் தெரியும். அரிது அரிது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் எந்தக் குழந்தையின் வயிற்றையும் தொட வேண்டியதில்லை என்ற இடத்துக்குத்தான் வந்து நிற்போம். பல இடங்களில் வந்தும் விட்டோம்.

அரிது என்பதற்காக ஓர் அரசு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்குத் தைவானைப் பார்க்கலாம். அங்கே 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஈரல் புற்று அதற்கு முன் லட்சத்துக்கு 0.70. ஒன்றுகூட இல்லை. அதையும் விடாமல் ஆண்டாண்டாக எண்ணினார்கள், 1990களின் தொடக்கத்தில் 0.36 ஆனதைக் கண்டார்கள். தடுப்பூசியால் ஒரு புற்றுநோயைக் குறைக்க முடியும் என்பதை உலகம் நம்பியது அந்த 'லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே' இருந்த கணக்கினால்தான். நம் மாவட்டத்துக்கும் அப்படியோர் அனுபவம் உண்டு. பல்லில் பழுப்புக் கறையும் வளைந்த காலும் இந்த மண்ணின் ராசி என்று எத்தனை தலைமுறை சும்மா இருந்தோம்? கிணற்று நீரில் ஃபுளோரைடை அளந்து, நோயை எண்ணி, ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை அது ராசியாகவே இருந்தது.

பெரிய ஊர், பெரிய கருவி என்ற மூன்றாவது பேச்சுக்கு வருவோம். ஈரல் கட்டியை உறுதிசெய்யவும், எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கவும், அறுவைக்குத் திட்டமிடவும் சிடி, எம்ஆர்ஐ, திசுப் பரிசோதனை எல்லாம் வேண்டும். அவற்றுக்கு வெளியூர் போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் சந்தேகப்படுவதற்கு வேண்டியவை மூன்றுதான். ஒரு கை, ஒரு சாதாரண அல்ட்ராசவுண்டு, ஏஎஃப்பி என்ற ஒரு ரத்தப் பரிசோதனை. மூன்றும் ஒரு மாவட்டத் தலைநகரின் வசதிக்கு உட்பட்டவை.

கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் மறந்துகொண்டிருக்கிறோம். கைக்குழந்தையின் ஈரல் விளிம்பு விலாவுக்குக் கீழே இரண்டு விரற்கிடை தட்டுப்படுவது இயல்பு. அதைத் தாண்டி இறங்கியிருந்தாலோ, கெட்டியாக இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் மேடிட்டிருந்தாலோ கவனிக்க வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலது அடிவயிற்றிலிருந்து மெல்ல மேலே வர வேண்டும். பலர் செய்வதுபோல நேரே விலாவுக்கடியில் கை வைத்தால் மிகப் பெரிய ஈரல்தான் முதலில் தவறிப்போகும். அதன் விளிம்பு தொப்புளுக்குக் கீழே இருக்கும், கையோ ஈரலின் நடுமேட்டில் இருக்கும், எல்லாம் ஒரே சீராகத் தெரியும். கட்டி தட்டுப்பட்டால் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கக் கூடாது. இவ்வளவுதான் பாடம். இதைக் கற்றுக்கொள்ள எம்பிபிஎஸ் வேண்டியதில்லை.

ஏஎஃப்பி பற்றியும் ஒரு தவறான எண்ணம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. ஹெப்பட்டோபிளாஸ்டோமா உள்ள பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இந்தப் புரதம் ரத்தத்தில் எகிறியிருக்கும். ஆனால் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் அது இயல்பாகவே பல்லாயிரக் கணக்கில் இருக்கும், மாதங்கள் போகப்போக இறங்கி எட்டு முதல் பத்து மாதத்தில்தான் பெரியவர்கள் அளவுக்கு வரும். ஆய்வகச் சீட்டில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு' பெரியவர்களுக்கானது. அதை ஒரு மாதக் குழந்தைக்கு வைத்துப் பார்த்துப் புற்று என்று தாயை அலறவைப்பதும் தவறு. வயதுக்கு ஏற்ற அளவு தெரியாமல், குழந்தைக்கு இது கூடத்தான் இருக்கும் என்று ஒன்றரை வயதுக் குழந்தையின் சீட்டை ஒதுக்குவதும் தவறு. வயதுவாரி அட்டவணை ஒன்றை ஆய்வகச் சுவரில் ஒட்டிவைத்தால் தீர்ந்துபோகிற சிக்கல் இது.

இனி, எனக்கு அதிகக் கோபம் தருகிற நான்காவது பேச்சு. நம் ஜனங்கள் முற்றவிட்டுத்தான் வருவார்கள் என்பது.

குழந்தையின் வயிற்றுக் கட்டியை உலகம் முழுக்க முதலில் கண்டுபிடிப்பவர் யார் தெரியுமா? குளிப்பாட்டும் கைதான், பெரும்பாலும் தாய், நம் ஊரில் பாட்டியும். குழந்தை மருத்துவப் பாடநூல்களே அதைச் சொல்கின்றன. எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றும் பாட்டியின் உள்ளங்கைக்கு நேற்று இல்லாத கெட்டி இன்று தெரியும். தெரிந்தவுடன் அவர்கள் சும்மா இருப்பதில்லை. "வயித்துல ஒரு பக்கம் கெட்டியா இருக்குதுங்க" என்று யாரிடமாவது சொல்கிறார்கள். அதற்குப் பின் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். பூச்சியாக இருக்கும் என்று ஆல்பெண்டசோல். வாயு என்று சொட்டு மருந்து. பசியில்லை என்றால் டானிக். வெளுத்திருக்கிறது என்றால் இரும்புச்சத்து சிரப். மாந்தம், கணை என்று நாட்டு மருந்து. சில இடங்களில் இன்றும் வயிற்றில் சூடு. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள், பதினைந்து நாள். இதில் எந்த இடத்திலும் ஒருவர்கூட உடுப்பை விலக்கிக் குழந்தையைப் படுக்கவைத்து வயிற்றைத் தடவிப் பார்ப்பதில்லை. தாயின் மடியில் உட்கார்ந்தபடியே சிகிச்சை முடிந்துவிடுகிறது. கடைசியில் மூச்சு வாங்கும் நிலையில் குழந்தை பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது சீட்டில் எழுதுவது 'தாமதமாக வந்த நோயாளி'. வந்தது தாமதமா, அனுப்பியது தாமதமா? இந்தியக் குழந்தைப் புற்றுநோய்த் தாமதங்களைப் பற்றிய ஆய்வுகளில் சில இதைத்தான் கண்டிருக்கின்றன: பெற்றோர் வீட்டில் கழித்த நாட்களைவிட, முதல் மருத்துவரைப் பார்த்த பின் சரியான இடம் சேரும்வரை அலைந்த நாட்கள் அதிகம்.

பெற்றோரின் பொறுப்பை முழுக்கத் துடைக்கவில்லை. ஒரு விஷயத்தில், அதுவும் தருமபுரியில், வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளில் நோயின் இயல்பான விகிதத்தைவிடப் பையன்கள் அதிகம், பெண் குழந்தைகள் குறைவு என்பது பதிவான உண்மை. வடக்கில் மோசம், தெற்கில் குறைவு. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி 2001இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டது எதனால் என்று நமக்குத் தெரியும். பெண் குழந்தைக்கு வயிற்றில் கட்டி என்றால் வேலூருக்கு எத்தனை முறை பஸ் ஏறுவார்கள் என்ற கேள்வி உண்மையானது. அதற்குப் பதில் போக்குவரத்துச் செலவும், தங்க இடமும், வீடு தேடிப் போய் அடுத்த தவணையை நினைவூட்டும் ஓர் ஆளும்தான். அறியாமை என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுவதால் ஒரு பெண் குழந்தையும் பஸ் ஏறப்போவதில்லை.

இங்கேதான் கருவிலிருக்கும் குழந்தையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. தருமபுரியில் ஸ்கேன் என்ற சொல்லுக்கே ஒரு கறை உண்டு. 2022இல்கூட வீட்டுக்குள் கையடக்கக் கருவியை வைத்துக்கொண்டு கரு ஆணா பெண்ணா என்று சொல்லிக் கலைத்துவந்த கும்பலைக் காவல்துறை பிடித்தது. அதனால் இந்த மாவட்டத்தில் ஸ்கேன் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நல்லெண்ணம் உள்ளவர்களே நினைக்கிறார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம் சொல்வதைத் தடுக்கிறது. பிறவிக் குறைகளைக் கண்டறிய ஸ்கேன் செய்வதை அதே சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. குற்றவாளியிடம் இருக்க வேண்டியது கைவிலங்கு, அரசு மருத்துவமனையில் இருக்க வேண்டியது நல்ல ஸ்கேனும் அதைப் படிக்கத் தெரிந்த மருத்துவரும். முதலாவது இருப்பதால் இரண்டாவது வேண்டாம் என்றாகாது.

இன்னொரு பக்கம், அஞ்சாம் மாச ஸ்கேன் நார்மல், அதனால் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை. அந்த ஸ்கேன் இதயம், முதுகெலும்பு, மூளை, கை கால் ஆகியவற்றின் அமைப்பைப் பார்ப்பது. கருவின் ஈரல் கட்டிகள் பெரும்பாலும் ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதத்தில்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வருகின்றன. இருபதாம் வாரத்துச் சீட்டு அதற்குச் சாட்சி சொல்ல முடியாது. கடைசி மாதங்களில் வளர்ச்சி பார்க்கச் செய்யும் ஸ்கேனில், எடையையும் நீரையும் பார்த்து முடித்தபின் குழந்தையின் வயிற்றில் ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்திப் பார்த்தால் போதும்.

பார்த்து என்ன செய்வது, தாய்க்கு வீண் வேதனைதானே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கருவிலும் பிறந்த உடனும் கண்ட 194 ஈரல் கட்டிகளைத் தொகுத்து 2007இல் வெளியான கட்டுரையில், ஏறக்குறைய 60 விழுக்காடு ஹெமாஞ்சியோமா எனும் ரத்தநாளக் கட்டி, 23 விழுக்காடு மெசன்கைமல் ஹமார்ட்டோமா எனும் நீர்ப்பைக் கட்டி. இரண்டும் புற்று அல்ல. புற்றாக இருந்தது 17 விழுக்காட்டளவு. பிறவியிலேயே முழுதாக வளர்ந்து வரும் ரத்தநாளக் கட்டிகளில் ஒரு வகை ஓராண்டுக்குள் தானே சுருங்கிவிடும். பிறந்த பின் வளரும் வகைக்கு, இதயத்துக்குக் கொடுக்கும் பழைய மாத்திரையான புரோப்ரனலால் கேட்கும் என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 2008இல் கண்டார்கள். ஆகவே கருவின் ஈரலில் ஏதோ கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் 'கலைத்துவிடுங்கள்' என்று சொல்கிற வாய்க்கு அறிவியலில் ஆதரவில்லை. அதே சமயம் பெரிய ரத்தநாளக் கட்டி குழந்தையின் இதயத்தைக் களைப்படையச் செய்யும், தைராய்டைக் குறைக்கும், தட்டணுக்களைத் தின்னும். பெரிய கட்டி பிரசவ நெருக்கலில் வெடிக்கவும் கூடும். முன்பே தெரிந்தால் எங்கே பிரசவம், எப்படிப் பிரசவம், பிறந்தவுடன் யார் காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம். சித்தேரியிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ வரும் ஒரு பெண் பிரசவத்துக்குப் பதினைந்து நாள் முன்பே சேலத்திலோ சென்னையிலோ இருக்க வேண்டும் என்று தெரிவது சின்ன விஷயமன்று.

இவ்வளவு பேசியவன் அடுத்துக் கேட்கப்போவது எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன், எல்லாக் குழந்தைகளுக்கும் ஏஎஃப்பி என்று யாரும் நினைக்க வேண்டாம். அது நான் எதிர்க்கும் இன்னொரு கோடி. நோயில்லாத குழந்தைகளைக் கூட்டத்தோடு சலித்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் காட்டிவிட்டது. 1980களின் நடுவில் அங்கே ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் சிறுநீரில் நியூரோபிளாஸ்டோமா தேடத் தொடங்கினார்கள். தானே மறைந்திருக்கக்கூடிய கட்டிகள் ஏராளமாகப் பிடிபட்டன, குழந்தைகள் வீணாக அறுவையும் மருந்தும் பட்டார்கள், முற்றிய நோய் குறைந்ததற்கோ தெளிவான சான்று கிடைக்கவில்லை. 2004இல் நிறுத்தினார்கள். ஸ்கேன் வேண்டியது கையில் ஏதாவது தட்டுப்பட்ட குழந்தைக்கு. அப்புறம், ஆபத்து கூடுதலாக உள்ள சிலருக்கு. பெக்வித் வீடமன் என்ற பிறவிக் கோளாறுடன், பெரிய நாக்கும் கூடிய எடையுமாகப் பிறப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் என்பது உலக நடைமுறை.

ஆபத்துள்ள இன்னொரு கூட்டம் தருமபுரிக்கு மிக நெருக்கமானது. 1500 கிராமுக்கும் குறைந்த எடையில் பிறந்து பிழைத்த குழந்தைகளுக்கு ஹெப்பட்டோபிளாஸ்டோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. 1990களில் ஜப்பானியர்கள்தான் முதலில் இதைக் கவனித்துச் சொன்னார்கள். 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்து தமிழ்நாடே பேசியபோது, அதிகாரிகள் சொன்ன முதல் காரணம் எடைக்குறைவு. இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் ஒரு கிலோக் குழந்தைகளையும் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகின்றன. பெருமைக்குரிய வேலை. அந்தக் குழந்தைகளின் கண்ணுக்கும் காதுக்கும் தொடர் பரிசோதனை உண்டு. மூன்று வயதுவரை வயிற்றுக்கு? அனுப்பும் சீட்டில் ஒரு வரி எழுதினால் போதும், 'ஒவ்வொரு முறையும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும்' என்று.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் வண்டிகள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை போகின்றன. தேசிய அளவில் வகுத்த முப்பது நிலைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு குழந்தைகளைப் பார்க்கிறார்கள். உதட்டுப் பிளவு, இதயக் குறை, சொத்தைப் பல் எல்லாம் உண்டு. வயிற்றுக் கட்டி அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததைக் கை தேடாது. அதைச் சேர்ப்பதற்கு டெல்லியின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, மாவட்டம் தானே ஒரு கட்டம் கூடுதலாக அச்சடித்துக்கொள்ளலாம்.

கிராமத்துச் செவிலியரால் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பவர்கள் அரூருக்கு அப்பால் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கைப் போய்ப் பார்க்கட்டும். 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே குடிசையில் வைத்தியம் தொடங்கியபோது ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண் இருபதையொட்டி இருக்கிறது. பெரிய கருவிகளால் அது நடக்கவில்லை. மலையாளிப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்து, குழந்தையை எடை போடவும் தொட்டுப் பார்க்கவும் எப்போது அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்கவும் கற்றுக்கொடுத்ததால் நடந்தது.

வேலைப்பளு என்ற பதில் மட்டும் மிச்சமிருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரின் பளு உண்மையானது, அவர்கள் தூக்கும் பதிவேடுகளின் எண்ணிக்கையே அநியாயம். ஆனால் ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம், ஒன்றரை வயது என்று தடுப்பூசிக்காகக் குழந்தை அவர் முன்னால் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஹெப்பட்டோபிளாஸ்டோமா தலைகாட்டும் காலமும் சரியாக அதுவே. தனியாக முகாம் வேண்டாம், தனி வண்டி வேண்டாம். ஊசி போட்டபின் குழந்தை வீறிட்டு வயிற்றை இறுக்கிக்கொள்ளும், அதனால் ஊசிக்கு முன் படுக்கவைத்துத் தடவிப் பார்க்க வேண்டும், அரை நிமிடம். சந்தேகம் வந்தால் அன்றே சீட்டு எழுதி தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், அங்கே அந்த வாரத்துக்குள் ஸ்கேனும் ஏஎஃப்பியும் முடிய வேண்டும். "கெட்டியா இருக்குதுங்க" என்று ஒரு தாயோ பாட்டியோ சொல்லிவிட்டால், செவிலியரின் கைக்கு எதுவும் தட்டுப்படாவிட்டாலும் அந்தச் சீட்டை எழுதியாக வேண்டும்.